தேதியை ஆறு சொல்லட்டும்

தஞ்சோங் பகாரில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ராஃப்டிங் பேச்சு வந்துவிடுகிறது. பேராக்கில் கோப்பேங் போகலாம், கம்பார் ஆற்றில் இறங்கலாம். அடுத்த நிமிடம் ஒரு வாட்ஸ்அப் குழு. அன்றைக்குச் சாயங்காலமே ஒரு எக்செல் தாள். யார் கார், தலைக்கு எத்தனை வெள்ளி, கோப்ரோ யாரிடம் இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. ஆற்றுக்கு மட்டும் ஒரு கட்டம்கூட இருக்காது.

இந்தத் திட்டமிடல் மீது எனக்குக் கோபம். இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் இலக்கிய நண்பர்கள் மீது அதைவிடக் கோபம். "பிளான் போட்டா அனுபவம் செத்துப்போயிடும்டா, சும்மா கிளம்பணும், ஆறு கூட்டிட்டுப் போகும்" என்கிறார்கள். கூட்டிட்டுத்தான் போகும். எங்கே என்பதுதான் கேள்வி. இரண்டு கட்சிக்கும் சண்டை இருப்பதாகத் தெரியும், கிடையாது. ஒருவர் விடுமுறையைப் பார்க்கிறார், மற்றவர் தன் மனதைப் பார்க்கிறார். ஆற்றை யாரும் பார்க்கவில்லை.

நமக்கு ஆறு தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. இங்கே இருக்கும் குவோகோ டவர் 290 மீட்டர்; தீவின் ஆக உயர்ந்த குன்றான புக்கிட் தீமா சுமார் 164 மீட்டர். மலையைக் குனிந்து பார்க்கிற ஜனம் நாம். 2008இல் மரீனா அணைக்கட்டு வந்தபிறகு சிங்கப்பூர் ஆறு போய்ச் சேரும் இடமும் கதவு வைத்த நீர்த்தேக்கமாகிவிட்டது. நாம் பழகிய தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்கிற தண்ணீர்.

மலை ஆறு கேட்காது. குழுவில் எல்லோருக்கும் பிடித்த தேதி எது? தீபாவளியை ஒட்டி வரும் நீண்ட வார இறுதி. அதாவது அக்டோபர், நவம்பர். மேற்கு மலேசியாவின் அந்தப் பக்கத்தில் பருவக்காற்று திசை மாறும் காலம், பிற்பகலானால் இடியோடு மழை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். தித்திவங்சா மலைத்தொடரில் பெய்த மழை ஒரு மணி நேரம் கழித்து மண் நிறத்தில், மரக்கிளைகளோடு வந்து சேரும். மலாயில் இதற்கு 'கெப்பாலா ஆயர்' என்று பெயர், நீரின் தலை. மழையோடு அணையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013 அக்டோபரில் கேமரன் மலை சாட்சி. சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து இரவில் தண்ணீரைத் திறந்துவிட்டதில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. அவர்கள் சாகசத்துக்குப் போனவர்கள் இல்லை, வீட்டில் இருந்தவர்கள்.

ஆற்றின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். விளம்பரத்தில் இருக்கும் தரம் வழக்கமான நீர்மட்டத்துக்கானது. மட்டம் ஏறினால் பாறை அதேதான், ஆறு வேறு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் உடம்பின்மீது அது தள்ளும் விசை நான்கு மடங்கு. படகிலிருந்து விழுந்தவன் முதலில் செய்ய நினைப்பது எழுந்து நிற்பது. செய்யவே கூடாததும் அதுதான். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் முழங்கால் அளவுத் தண்ணீரே ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால் இரண்டையும் ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். ஆற்றில் விழுந்து கிடக்கும் மரம் இன்னும் மோசம்: கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும், மனிதன் போகமாட்டான். இதெல்லாம் எத்தனை பேருடைய எக்செல்லில் இருக்கிறது?

நம் கவிதைகளிலும் இல்லை. அங்கே ஆறு எப்போதும் தாய், அல்லது தொலைந்த பால்யம். சுழி, மடு, கசம் என்று ஆபத்துக்குத் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி இது. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதையே நாம் இப்போது வீடு வாங்கும்போதும் காதலிக்கும்போதும்தான் சொல்கிறோம்.

ஒகேனக்கல்லைப் பாருங்கள். காவிரியில் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி, பரிசல் இயக்கத் தடை என்று பேப்பரில் நாலு வரிச் செய்தி வரும். பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். நாள் முழுக்கச் சம்பாத்தியம் இழந்து பரிசல்காரர் கரையில் உட்கார்ந்திருப்பார். நான் படித்த எந்த ஆற்றுக் கவிதையையும்விட அந்த நாலு வரியில் ஆறு அதிகமாக இருக்கிறது.

என் சண்டை உண்மையில் அந்தப் பரிசல்காரருக்காகவும், கோப்பேங்கில் துடுப்போடு நிற்கும் வழிகாட்டிக்காகவும்தான். "500 கிலோமீட்டருக்கு மேல வந்திருக்கோம் பாஸ், காசு கட்டியாச்சு, லீவு முடிஞ்சுது" என்று பத்துப் பேர் சுற்றி நின்றால், ஓடினால்தான் அன்றைக்குக் கூலி என்றிருக்கும் மனிதர் எப்படி வேண்டாம் என்பார்? நாம் மாற்றமுடியாதபடி குறித்த தேதி அவர் கழுத்தில் போட்ட கயிறு. அவர் நமக்கு முன்னால் படகில் ஏறுகிறார், நமக்குப் பின்னால் இறங்குகிறார்.

ஆகவே இரண்டு தேதி வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே இறங்குங்கள். பதிவு செய்யும் முன் போனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தால் படகை எடுக்கமாட்டீர்கள்? கையில் அளவு வைத்திருப்பவர் உடனே சொல்வார். "நோ பிராப்ளம் பாஸ், எப்பவும் ஓடும்" என்றால் போனை வைத்துவிடுங்கள். முன்பணம் போனால் போகட்டும். படகு ஓடாத நாளிலும் வழிகாட்டியின் கூலிக்கென்று அந்த எக்செல்லில் ஒரு கட்டம் போடுங்கள். அதைக் கொடுத்துவிட்டு ஈப்போவுக்குப் போய் தவ்கே கோழி சாப்பிடலாம், இருபது கிலோமீட்டர்தான்.