முன்கூட்டிய ஓய்வும் துணைவியின் உரிமையும்

55 வயதிலேயே அரச சேவையிலிருந்து விலகி, வர்த்தகத்தில் இறங்கவோ வெளிநாடு செல்லவோ எண்ணும் ஆசிரியர்கள் மடவளையிலும் அயற் கிராமங்களிலும் உள்ளனர். கட்டாய ஓய்வு வயது 2022 ஆம் ஆண்டில் 65 ஆக்கப்பட்டு, அவ்வாண்டின் முடிவிலேயே 60 ஆகக் குறைக்கப்பட்டது. 55 இல் விலகுவது இன்னும் ஊழியரின் விருப்பமே.

விருப்பம் அவருடையது, விளைவு இருவருக்குமுரியது. இறுதிச் சம்பளத்தையும் சேவைக்காலத்தையும் கொண்டே ஓய்வூதியம் கணிக்கப்படுகின்றது. ஐந்தாண்டுகளின் சம்பள ஏற்றங்களை இழப்பது அவர் மட்டுமல்லர்.

இந்திய மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் இதனை அப்பட்டமாகக் காட்டுகின்றது. 25 ஆண்டு சேவையின் பின் சுயவிருப்பில் விலகுபவருக்கு, வழமையான ஓய்வு வயதை எட்டும்வரை கொடுப்பனவு இல்லை. அவர் மறைந்தால் துணைக்கு 60 சதவீதம். அதுவும் விலகிய நாளன்று சட்டபூர்வத் துணையாக இருந்தவருக்கே. பின்னர் மணம் முடித்தவருக்கு எதுவுமில்லை.

அமெரிக்காவில், துணைக்குரிய முழுப் பங்கைக் குறைக்க விரும்பும் மத்திய அரச ஊழியர், துணையின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும்.

நம் நாட்டிலோ விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கு 1898 இலேயே கட்டளைச்சட்டம் வந்தது. மனைவியை இழந்த கணவருக்கு 1983 இல். எனினும் முன்கூட்டிய ஓய்வு விண்ணப்பத்தில் துணைவிக்கு இடமில்லை. தமக்கு எவ்வளவு குறையும் என்ற கணக்கை அவரிடம் எழுத்தில் கையளித்து, அவரது கையொப்பத்தையும் பெறுமாறு ஓய்வூதியத் திணைக்களத்தைக் கோருகின்றோம். இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.