இருசக்கர வண்டிக்குச் சிறை, விமானத்துக்கு விடுப்பா?



மது அருந்திவிட்டு விமானம் ஓட்ட வந்து பிடிபடும் விமானியைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமா? அல்லது அவரது உரிமத்தைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தால் போதுமா? இக்கேள்வியை எழுப்பினால் நம்மவரில் பலர், "குடிக்கிறவர்கள் விவகாரம் நமக்கெதற்கு?" என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். இதில் ஒதுங்க இடமில்லை என்பதே நமது வாதம்.

பாடியிலும் கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் வளைகுடாச் சம்பாத்தியத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல. பிள்ளைகள் வந்து போவது விமானத்தில். பெற்றோர் உம்ராவுக்குச் செல்வது விமானத்தில். 2023 முதல் ஹஜ் பயணிகளும் மீண்டும் சென்னையிலிருந்தே நேராகப் புறப்படுகின்றனர். பேருந்து ஓட்டுநர் தள்ளாடினால் "வண்டியை நிறுத்துங்கள்" என்று சத்தம் போட்டு இறங்கிவிடலாம். விமானியின் அறைக் கதவு மூடிய பிறகு உள்ளே இருப்பவர் எந்நிலையில் இருக்கிறார் என்பதைப் பயணி அறிய வழியே இல்லை. அறிந்தாலும் நடுவானில் எங்கே இறங்குவது? அந்த நம்பிக்கைக்குத்தான் மார்க்கம் அமானிதம் என்று பெயர் வைத்திருக்கிறது.

இரண்டு வாரங்கள், இரண்டு விமானிகள்

2018 அக்டோபர் 28 அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் துணை விமானி கட்சுதோஷி ஜிட்சுகாவா கைது செய்யப்பட்டார். டோக்கியோ செல்லும் விமானத்தை ஓட்ட வந்தவர் அவர். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 189 மில்லி கிராம் மது இருந்தது. பிரிட்டனில் விமானிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 20 மில்லி கிராம் மட்டுமே. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நவம்பர் 29 அன்று 10 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அக்கைது நடந்த இரண்டே வாரத்தில், நவம்பர் 11 அன்று, டெல்லியில் ஏர் இந்தியாவின் மூத்த விமானி அர்விந்த் கத்பாலியா லண்டன் விமானத்தை ஓட்ட வந்தார். மூச்சுச் சோதனையில் தோல்வி. மறுசோதனையிலும் தோல்வி. அவர் அம்முடிவை ஏற்க மறுத்தார். எனினும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அவரது உரிமத்தை மூன்றாண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. ஏர் இந்தியாவில் விமான இயக்கம் முழுவதற்கும் பொறுப்பான இயக்குநர் பதவியில் அப்போது இருந்தவர் அவரே. 2017 ஜனவரியில் சோதனைக்கு உட்படாமல் தவிர்த்ததற்காக மூன்று மாத உரிமத் தடையும் பெற்றவர். அத்தடைக்குப் பின் அதே ஆண்டில்தான் அந்த இயக்குநர் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது!

ஒருவர் லண்டனிலிருந்து புறப்பட வந்தவர். மற்றவர் லண்டனுக்குப் புறப்பட வந்தவர். இருவருமே தரையில் தடுக்கப்பட்டனர். முன்னவருக்குச் சிறைக்கூடம், பின்னவருக்கு உரிமத் தடை. இருவர் உடலிலும் இருந்த அளவு ஒன்று என்று நாம் சொல்லவில்லை. நமது விதிமுறையில் அந்த அளவு கணக்கிலேயே வருவதில்லை என்பதே நமது குறை.

பாடி மேம்பாலத்தின் கீழே ஒரு சட்டம்

இந்திய விதி, பார்வைக்குக் கடுமையானதுதான். 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 24ஆம் விதிப்படி, பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் விமானி மது அருந்தக் கூடாது. சோதனையில் ஒரு துளியும் தென்படக் கூடாது. ஆனால் தென்பட்டால் என்ன? புறப்படுமுன் நடக்கும் சோதனையில் முதல் முறை தோற்றால் உரிமம் மூன்று மாதம் நிறுத்தம். இரண்டாம் முறை மூன்றாண்டு நிறுத்தம். மூன்றாம் முறைதான் ரத்து. அளவில் பிரிட்டனை விடக் கண்டிப்பு, தண்டனையிலோ தாராளம்.

இப்போது தரைக்கு வருவோம். சனிக்கிழமை இரவு பாடி மேம்பாலத்தின் கீழே போக்குவரத்துக் காவலர் ஓர் இளைஞனின் இருசக்கர வண்டியை மறித்து மூச்சுச் சோதனை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு பாயும். முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் இரண்டாண்டு வரை சிறை. அவன் யார் மீதும் மோதியிருக்க வேண்டியதில்லை. குடித்த நிலையில் வண்டியைக் கையில் எடுத்ததே போதும்.

அந்த இளைஞன் பட்டறையில் வேலை முடித்து வீடு திரும்பும் கூலித் தொழிலாளியாக இருக்கலாம். அவன் பின்னால் அதிகமாகப் போனால் ஒருவர் அமர்ந்திருப்பார். விமானியின் பின்னால் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவரைச் சுமந்தவனுக்கு நீதிமன்றம், முந்நூறு பேரைச் சுமக்க வந்தவருக்கு விடுப்பு என்றால் இது எந்த ஊர் நியாயம்?

மக்ஸூமிக் குலத்துப் பெண்ணொருத்தி திருடியபோது, அவள் உயர்குடி என்பதால் சலுகை கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் பரிந்துரை வந்தது. முகம் சிவந்த நபியவர்கள், உயர்ந்தோர் திருடினால் விட்டுவிட்டு எளியோர் திருடினால் தண்டித்ததே முன்சென்ற சமுதாயங்களின் அழிவுக்குக் காரணம் என எச்சரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இச்செய்தியை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். விமான நிலையத்துக்கு இது பொருந்தாதா?

எழும் மறுப்புகள்

"விமானம் புறப்படவே இல்லையே, யாருக்கு என்ன கேடு விளைந்தது?" என்பார்கள். விளையாமல் தடுத்தது விமானியின் மனசாட்சியா? இல்லை, சோதனைக் கருவி. பிறர் கை பிடித்துத் தடுத்ததைத் தம் நற்செயலாக யாரும் கணக்குக் காட்ட முடியாது. தடுக்கப்படாதபோது நடந்ததை வரலாறு சொல்கிறது. 2008 செப்டம்பர் 14 அன்று ரஷ்யாவின் பெர்ம் நகரருகே ஏரோஃப்ளோட் விமானம் விழுந்து 88 பேர் மாண்டனர். தலைமை விமானியின் உடலில் மது இருந்ததை விசாரணை கண்டது.

"வாய் கொப்பளிக்கும் மருந்தால்கூடக் கருவி ஒலிக்குமே!" இது நியாயமான அச்சம். அதனால்தான் மதுச் சத்துள்ள அத்தகைய பொருள்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023இல் விதியே திருத்தப்பட்டது. மூச்சுச் சோதனையை மட்டும் வைத்து எவரையும் சிறைக்கு அனுப்புமாறு நாம் கோரவில்லை. இரத்தச் சோதனை வேண்டும். தெளிவான எல்லை அளவு வேண்டும். நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டும். அந்த எல்லைக்குக் கீழே இருப்போருக்கு இப்போதுள்ள உரிமத் தடையே போதுமானது.

"சிறை என்று சொன்னால் குடி நோயாளிகள் மறைத்துக்கொள்வார்கள், சிகிச்சைக்கு வரமாட்டார்கள்." மூன்றில் இதுவே கனமான மறுப்பு. இதற்கான விடை அல்மாயிதா அத்தியாயத்தில் இருக்கிறது. வழிப்பறி செய்து பூமியில் குழப்பம் விளைவிப்போருக்கு மிகக் கடுமையான தண்டனையை 33ஆம் வசனம் சொல்கிறது. அடுத்த வசனமே, பிடிபடுவதற்கு முன் தவ்பா செய்து திரும்பியோருக்கு விலக்கு அளிக்கிறது. பிடிபடுமுன் வருவதும் பிடிபட்டபின் அழுவதும் ஒன்றல்ல. விமானிக்கும் இதே எல்லைக்கோட்டை வரையலாம். "இன்று என்னால் பறக்க இயலாது, எனக்குச் சிகிச்சை வேண்டும்" என்று சோதனைக்கு முன்பே சொல்பவரின் வேலையும் மானமும் காக்கப்பட வேண்டும், வழக்கு கூடாது. எதையும் சொல்லாமல் சீருடை அணிந்து வந்து நிற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

சிறை சென்றவரின் வாழ்வு அத்தோடு முடிந்துவிடும் என்பதும் இல்லை. 1990 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் நார்த்வெஸ்ட் நிறுவன விமானத்தைப் போதையில் ஓட்டிச் சென்ற மூவருக்கும் சிறை கிடைத்தது. தலைமை விமானி லைல் ப்ரௌஸுக்கு 16 மாதம். அவர் குடியை விட்டார். மீண்டும் உரிமம் பெற்றார். அதே நிறுவனத்தில் தலைமை விமானியாகவே ஓய்வு பெற்றார். 2001இல் அதிபர் கிளிண்டனின் மன்னிப்பும் கிடைத்தது. தண்டனையும் திருந்தும் வழியும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?

நமது மதரஸா மாணவர் ஒருவர் கேட்டார்: "ஹஸ்ரத், குடித்தவருக்குரிய தண்டனை ஃபிக்ஹு நூல்களில் கசையடிதானே? சிறை எங்கிருந்து வந்தது?"

நல்ல கேள்வி. மது அருந்துதல் என்ற பாவத்துக்குரிய ஹத்து வேறு. அதை நிறைவேற்றும் அதிகாரம் தனிமனிதருக்கோ ஜமாஅத்துக்கோ கிடையாது. நாம் பேசுவது குடித்த குற்றத்தைப் பற்றி அல்ல. பிறர் உயிரைப் பணயம் வைத்த குற்றத்தைப் பற்றி. அது அடியார்களின் உரிமை சார்ந்தது. இத்தகைய குற்றங்களுக்கு ஆட்சியாளர் தக்க தண்டனை வகுப்பதை தஃஸீர் என்பர். சிறை அதில் அடங்கும். உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் மக்காவில் ஸஃப்வான் பின் உமய்யாவின் வீடு சிறைக்கூடத்துக்காக விலைக்கு வாங்கப்பட்டது. "போதையில் இருந்தேன், நிதானமில்லை" என்பதும் சாக்காகாது. தானே விரும்பிப் போதை ஏற்றிக்கொண்டவர் தம் செயலுக்குப் பொறுப்பாளியே என்பது ஃபிக்ஹு அறிஞர் பெரும்பாலோரின் முடிவு.

அதே வேளை, மதுவுக்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒரு தோழரை மற்றொருவர் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். ஆகவே தண்டனையைக் கோருவோம். மனிதரை ஏளனம் செய்யமாட்டோம்.

கப்பலின் கீழ்த்தட்டு

கப்பலின் கீழ்த்தட்டில் இருப்போர் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் ஓட்டையிட முனைவதையும், மேல்தட்டினர் கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர், விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர் என்பதையும் நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி உவமையாகக் கூறுகிறது. விமானத்துக்கு இதை விடப் பொருத்தமான உவமை ஏது?

1977 ஜனவரி 13 அன்று அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில், ஜப்பான் ஏர்லைன்ஸின் சரக்கு விமானக் குழுவினரை ஏற்றிச் சென்ற வாடகைக் கார் ஓட்டுநர், தலைமை விமானியின் நிலை கண்டு ஐயுற்றுத் தம் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். அத்தகவல் விமானத்தைத் தடுக்கவில்லை. உடன் பறந்த இருவரும் தடுக்கவில்லை. புறப்பட்ட உடனேயே விமானம் விழுந்து உள்ளே இருந்த ஐவரும் மாண்டனர். 2018இல் ஹீத்ரோவில் ஜிட்சுகாவாவைப் பிடித்துக் கொடுத்ததும் ஓர் ஓட்டுநர்தான். விமானக் குழுவினரை ஏற்றிவந்த பேருந்தில் மது வாடையை உணர்ந்து அவர் தகவல் சொன்னார். இம்முறை அச்சொல் மதிக்கப்பட்டது. விமானம் பாதுகாப்பாகச் சென்றது. தீமையைத் தடுத்தல் என்ற கடமையை அந்தப் பேருந்து ஓட்டுநர் நமக்குப் பாடமாக நடத்திக் காட்டினார்.

எனவே நாம் கேட்பது மூன்று. மதுவுடன் விமானத்தை ஓட்ட வருவது, எல்லை அளவைத் தாண்டினால், சாலைச் சட்டத்தைப் போலவே சிறைக்குரிய தனிக் குற்றமாகத் தெளிவாக எழுதப்பட வேண்டும். பதவியோ அனுபவமோ அதற்கு விலக்காகக் கூடாது. முன்வந்து சொல்லும் விமானிக்குச் சிகிச்சையும் வேலைப் பாதுகாப்பும் வேண்டும். தகவல் சொல்லும் ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், சக ஊழியர் எவராயினும் அவருக்குப் பாதுகாப்பு வேண்டும். விமான நிலையங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்: கண்டதைச் சொல்வது காட்டிக்கொடுத்தல் ஆகாது; அது அமானிதம்.

வல்ல அல்லாஹ் நமது பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்கி, பொறுப்பில் இருப்போருக்கு அப்பொறுப்பின் அச்சத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.