பாட்டைப் பறிகொடுத்த சபை

உங்களுக்குப் பிடித்த கிறிஸ்தவப் பாடல் எது என்று கேட்டால் நம் மக்களில் எவரும் விடை சொல்லத் தயங்குவதில்லை. மூத்தவர் ஒலிநாடாக் காலத்துத் தொகுப்பு ஒன்றை நினைவுகூர்வார். நடுவயதினர் ஒரு பாடகரின் பெயரைச் சொல்லி உருகுவார். இளையவர் கைப்பேசியை எடுத்து அங்கேயே ஒலிக்கவிடுவார். இப்படிச் சொல்லப்படுபவை பெரும்பாலும் நாம் கேட்டு மகிழ்ந்த பாடல்கள். நாம் வாய்திறந்து பாடியவை அவற்றுள் எத்தனை? இதைக் கேட்டால் சிலருக்குச் சினம் வருகிறது. வரட்டும். கேட்பதற்கு இனிய பாடலையே வழிபாட்டுக்கு உரிய பாடலென்று கொண்டதால், தமிழகத்துக் கத்தோலிக்கச் சபை தன் குரலை மெல்ல மெல்லப் பறிகொடுத்து வருகிறது என்பது நமது குற்றச்சாட்டு.

இராமேசுவரம் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையே உள்ள அக்காள்மடத்தை எடுத்துக்கொள்வோம். கடலை நம்பி வாழும் ஊர். இத்தகைய கரைகளில் பாட்டு என்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்காக ஒருகாலும் இருந்ததில்லை. கரைவலையின் இரு கயிறுகளையும் இரு கூட்டமாக நின்று மணலில் இழுக்கும்போதும், வள்ளத்தைக் கரையேற்றும்போதும் பாடப்பட்டது அம்பா. ஒருவர் முன்னெடுப்பார், மற்றவர் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்வர். பதில் விழும் இடத்திலேதான் இழுப்பும் விழும். முன்னெடுப்பவரின் அடி புதிது புதிதாக மாறும். மாதாவும் புனிதர்களும் அதில் வருவர். ஊர்க் கேலியும் வரும். பதிலோ மாறாது, குறுகியது, எவர் தொண்டைக்கும் எட்டுவது. நல்ல குரல் உள்ளவன் பாடட்டும், நாம் கேட்போம் என்று எவரும் கைகட்டி நிற்க முடியாது. நின்றால் வலை வராது. விசைப்படகுகளும் இயந்திரங்களும் வந்தபின் அம்பா அருகிவிட்டது. ஆயினும் முதியோர் சிலரின் நாவில் அதன் மிச்சம் இன்னும் உண்டு.

இந்த அமைப்பை நம் திருப்பலியில் எங்கேனும் காண்கிறோமா? காண்கிறோம். முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடல் இதே அமைப்புடையது. ஒருவர் திருப்பாடலின் அடிகளைப் பாட, சபை ஒரே பல்லவியைத் திரும்பத் திரும்பப் பதிலாகத் தருகிறது. நம் முன்னோர் கடற்கரையில் நாள்தோறும் செய்துவந்ததையே திருச்சபை பீடத்தின் முன் கேட்கிறது. ஆனால் பல பங்குகளில் அந்தப் பதிலுரைப் பாடல் பாடப்படுவதே இல்லை, அவசரமாக வாசிக்கப்படுகிறது. பாடவேண்டியதை வாசித்துவிட்டு, காணிக்கை நேரத்தில் ஆறு நிமிடப் பாடல் ஒன்றை ஒலிபெருக்கியில் முழங்கவிடுகிறோம். இது தலைகீழ்.

தலைகீழ் என்பது நம் சொந்தக் கருத்தன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டைப் பின்பற்றி, திருவழிபாட்டு இசை பற்றிய கட்டளை 1967 மார்ச் 5 அன்று வெளிவந்தது. பாடப்படவேண்டியவற்றை அது மூன்று படிகளாக வகுத்தது. குருவும் மக்களும் மாறிமாறிச் சொல்லும் உரையாடல்கள், நற்செய்தி வாழ்த்தொலி, 'தூயவர்', ஆண்டவர் கற்பித்த செபம் ஆகியவை முதற்படி. 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'உன்னதங்களிலே', விசுவாச அறிக்கை முதலியன இரண்டாம்படி. வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் ஆகியன மூன்றாம்படி. முதற்படியைப் பாடாமல் மேற்படிகளை மட்டும் பாடலாகாது என்பது அதன் கருத்து. முழுப் பாடலையும் பாடகர் குழுவிடமே ஒப்படைத்து மக்களை ஊமையாக்கும் வழக்கத்தையும் அது ஏற்கவில்லை. நாமோ முதல் இரண்டு படிகளைத் தாண்டி மூன்றாம்படிக்குத் தாவினோம். அங்கும், திருவிவிலியத்திலிருந்தே வரும் பதிலுரைப் பாடலை விட்டுவிட்டு மற்றவற்றில் குடியேறினோம்.

பாடகர் குழுவே வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். சங்க ஏடு அக்குழுக்களை வளர்க்கவே சொல்கிறது. குழு முன்னெடுப்பதற்காக இருக்கிறது; அம்பாவில் முன்னெடுப்பவரைப்போல. பதிலையும் தானே பாடிக்கொள்ளும் அம்பாக்காரரை யாரேனும் கண்டதுண்டா?

மக்கள் ஏன் பாடுவதில்லை? பக்தி குறைந்துவிட்டது என்பது எளிதாகச் சொல்லப்படும் விடை. அது நியாயமான விடையன்று. பதிவுக்கூடத்தில் உருவான பாடல் தனிக்குரலுக்காகச் செய்யப்பட்டது. பெண்குரலில் ஐந்தரைக் கட்டையில் பதிவான பாடலை விசைப்பலகைக்காரர் அதே சுருதியில் தொடங்கினால் ஆடவர் முதல் சரணத்திலேயே வாய்மூடிக்கொள்கின்றனர். மெட்டு ஓர் எட்டுச் சுரத்துக்கும் மேலே ஏறி இறங்குகிறது. பயிலாத தொண்டை அங்கே உடைகிறது. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே நீண்ட இடையிசை வருகிறது. அது எப்போது முடியும், எங்கே மீண்டும் சேர்வது என்று சபைக்குத் தெரியாது. குழுவுக்கு மட்டும் தெரியும். ஒருமுறை தவறிச் சேர்ந்து வெட்கப்பட்ட பாட்டி மறுமுறை உதட்டை மட்டும் அசைக்கிறார். அதற்கடுத்த ஞாயிறு அதுவும் இல்லை. பாடல் அவரை வெளியே தள்ளிவிட்டது. பக்தி அவரிடம் அப்படியே இருக்கிறது.

இப்போது இன்னொரு கேடும் சேர்ந்துள்ளது. பதிவுசெய்த பின்னணி இசையைப் பெட்டியில் ஓடவிட்டு, அதன்மேல் இருவர் ஒலிவாங்கியில் பாடுகின்றனர். குருவானவர் காணிக்கையை முடித்துக் காத்திருக்கிறார். பெட்டி முடிக்கும்வரை திருப்பலி நிற்கிறது. 12-ஆம் பத்திநாதர் காலத்தில், 1958 செப்டம்பர் 3 அன்று உரோமை வெளியிட்ட கட்டளை, தாமே இயங்கும் கருவிகளையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் திருவழிபாட்டில் அறவே தடை செய்தது. பாடுகிறவர்களுக்குத் துணையாகக்கூட அவை ஆகா என்றது. பழைய சட்டம் என்று சிரிக்கலாம். இறைவனைப் புகழ்வது உயிருள்ள மனிதர் செய்யவேண்டிய செயல், அதை இயந்திரத்திடம் கொடுத்துவிட முடியாது என்னும் அதன் காரணம் பழையதாகிவிடவில்லை. மின்சாரம் நின்றால் நின்றுபோகும் பாடலைச் சபையின் பாடல் என்று எப்படிச் சொல்வது?

திரைப்பட மெட்டு வந்துவிட்டதே, அதையல்லவா நீங்கள் கண்டிக்க வேண்டும் என்பர் சிலர். மெட்டின் பிறப்பிடத்தைத் துருவும் அச்சண்டையில் நமக்கு அக்கறை குறைவு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் கச்சேரி மரபின் இராகங்களிலேதான் பிறந்தன. மெட்டு எங்கிருந்தும் வரலாம். சபையின் வாயில் அது தங்குகிறதா என்பதே கேள்வி. கருநாடக இசைதான் தூயது என்று சொல்லி நுணுக்கமான சங்கதிகளால் சபையை வாயடைக்கச் செய்பவரும் நம் கண்டனத்துக்குத் தப்பமாட்டார்.

இளைஞர் போய்விடுவர் என்பது அடுத்த அச்சம். புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கை அறிக்கையில், மிலான் கோவிலில் பாடல் கேட்டு அழுததைச் சொல்கிறார். அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பதையும் அவரே சொல்கிறார். 386-இல் அரசி யுஸ்தினாவின் நெருக்குதலுக்கு எதிராக ஆயர் அம்புரோசியாருடன் மக்கள் கோவிலுக்குள் விழித்திருந்தபோது, அவர்கள் சோர்ந்துபோகாதபடி கீழைநாட்டு முறையில் பாடத் தொடங்கினர். அகுஸ்தினாரை அழவைத்தது அச்சத்தில் நின்ற ஒரு சபையின் குரல். பொருளைவிடக் குரலின் இனிமையே தம்மை உருக்கும்போது தாம் பிழைசெய்வதாகவும் அவர் பின்னொரு பகுதியில் வருந்துகிறார். நாம் அதையே பக்தியின் அளவுகோலாக்கி வைத்திருக்கிறோம்.

இக்கடற்கரைக்கு விசுவாசம் வந்த வழியும் வாய்வழிதான். சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழில் மனப்பாடம் செய்த செபங்களைத் தாம் சொல்ல, மக்கள் திருப்பிச் சொல்லவே கற்பித்தார். பாம்பனுக்கு எதிர்க்கரையிலுள்ள வேதாளையில் கிரிமினாலி அடிகளார் 1549-இல் கொல்லப்பட்டபோது அச்சான தமிழ் நூல் ஒன்றேனும் இங்கு இல்லை. 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது 1578-இல். அதுவரை நம் மக்களின் மறைநூல் அவர்கள் நாவே.

பாடல் பொருளுள்ளதாவது, பாடுகிறவர் வாழ்வு அதில் இருக்கும்போது. புதிய பாடல்கள் பல 'நான்', 'என்', 'எனக்கு' என்றே சுழல்கின்றன. துயரம் வந்தாலும் இரண்டாம் அடியில் தீர்ந்துவிடுகிறது. திருப்பாடல்கள் 150-இல் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் முறையீடுகள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அயல்நாட்டுச் சிறையில் இருக்கும் கணவனுக்காகக் கோவிலுக்கு வரும் பெண்ணிடம் கைதட்டிப் பாடச் சொல்லும் பாடல் எதற்கு? அவளுடைய பாடல் விவிலியத்திலேயே இருக்கிறது. 107-ஆம் திருப்பாடல் கப்பலேறிக் கடலில் தொழில் செய்தோரைப் பற்றியது. அலை எழும்பி அவர்கள் தடுமாறியதையும், கதறியதையும், கரைசேர்ந்ததையும் சொல்வது. மூன்றாண்டுக்கு ஒருமுறை, பொதுக்காலம் 12-ஆம் ஞாயிறு இரண்டாம் ஆண்டில், இயேசு புயலை அடக்கும் நற்செய்தியோடு இதுவே பதிலுரைப் பாடலாக வருகிறது. 2024-இல் அது சூன் 23 அன்று வந்தது. நம் கடலோரப் பங்குகளில் எத்தனை அதைப் பாடின?

மீண்டும் அது வரும் நாள் 2027 சூன் 20. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆட்கள் ஊரில் இருப்பர். அம்பா தெரிந்த முதியவர் ஒருவரை அழைத்துப் பாடகர் குழுவின் நடுவே அமர்த்துங்கள். அந்தத் திருப்பாடலின் பல்லவியை அவர் அறிந்த மெட்டில் அமைக்கச் சொல்லுங்கள். விசைப்பலகை வாசிக்கும் இளைஞர் சுருதி மட்டும் பிடித்துக் கொடுக்கட்டும். படகுகள் கடலுக்குப் போன ஆறாம் நாள், ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு அதைப் பாடிப்பாருங்கள்.