ஊரே சொல்கிறதாமே!

"ஒருவன் சொன்னால் பொய்யாக இருக்கலாம், ஊரே சொன்னால் எப்படி ஐயா பொய்யாகும்?" என்று என்னோடு மல்லுக்கு நிற்கிறவர்கள் உண்டு. ஆகும் என்பதுதான் என் கட்சி.

இத்தாலியிலே பொலோஞ்ஞா என்றொரு நகரம். 1980 ஆகஸ்ட் 2-ஆம் தேதி அதன் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்து 85 பேர் மாண்டார்கள். நிலையத்துக் கடிகாரம் 10.25-இல் நின்றது. விரைவிலேயே அதைப் பழுது பார்த்தார்கள். 1996 வரை அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆண்டு மறுபடி கெட்ட பிறகே, மாண்டவர்களின் நினைவாக 10.25-இல் நிரந்தரமாக நிறுத்தினார்கள்.

பிற்பாடு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் விசாரித்தபோது, கடிகாரம் நின்றிருப்பதை அறிந்திருந்த 173 பேரில் 160 பேர், "வெடித்த நாள் முதலாகவே அது ஓடவில்லை" என்றார்கள். அவர்களிலே ரயில்வே ஊழியர்கள் 21 பேர். அந்த 21 பேருமே எப்போதும் 10.25-ஐத்தான் கண்ணால் கண்டதாகச் சொன்னார்கள்!

இவர்கள் பொய்யர்களா? இல்லவே இல்லை. மனம் பழையதைப் பூட்டி வைக்கும் பெட்டி அன்று. நினைக்கிற ஒவ்வொரு முறையும் புதிதாய்க் கதை கட்டுகிற ஆசிரியன். நின்ற கடிகாரம் துக்கத்துக்குப் பொருந்துகிறது. ஓடிய கடிகாரம் பொருந்தவில்லை. அதை அடித்துவிட்டான், அவ்வளவுதான். எல்லோர்க்கும் துக்கம் ஒன்று, பேச்சு ஒன்று. ஆகவே பிழையும் ஒன்று. அந்த 160 பேர் 160 சாட்சிகள் அல்லர். ஒரே புத்தகத்தின் 160 பிரதிகள். பிரதிகள் பெருகினால் அச்சுப்பிழை திருந்துமா?

நெல்சன் மண்டேலா 1980-களில் சிறையிலேயே இறந்ததாகப் பலருக்கு ஞாபகமாம். அவரோ 1990-இல் விடுதலையாகி, 1994-இல் ஜனாதிபதியாகி, 2013-இல் மறைந்தார். "வேறொரு பிரபஞ்சத்தில் நடந்திருக்கும்" என்கிறார்கள் சிலர். தம் ஞாபகம் தவறென்று ஒப்புவதைவிட, ஒரு பிரபஞ்சத்தையே சிருஷ்டிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது!

கடிகாரத்தைப் பற்றிய பிழையால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால், "இவன்தான் திருடினான், அந்தத் தெருக்காரர்கள்தான் தீ வைத்தார்கள்" என்று ஊர் கூடிச் சாட்சி சொல்வதும் இதே மனத்தைக் கொண்டுதானே? அங்கே பிழைக்கு விலை, ஒருவனுடைய வாழ்வு.

ஆகையால், நூறு பேர் சொல்கிறார்கள் என்று என்னிடம் வராதீர்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளுமுன் அவர்கள் தனித்தனியே சொன்னதென்ன, அன்றே எழுதிய காகிதம் காட்டுவதென்ன? அவற்றைக் கொண்டு வாருங்கள். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்ற நம் பாட்டிமார், தீர விசாரிப்பதை மட்டுமே மெய் என்றார்கள். தலைகளை எண்ணுவதை அல்ல.