உதவி செய்யப் போகிறாயா, கற்றுக்கொள்ளப் போகிறாயா?

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் செய்தது போல நடுவில் தூங்கிவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. காரணம் நான்தான்.

பிரான்சில் இருக்கும் என் தங்கை மகளின் பெண்ணுக்குப் பதினேழு வயது. அவளுடைய பள்ளி மாணவர் குழு வரும் கோடையில் கம்போடியா போகிறது. பதினைந்து நாள் பயணம். பத்து நாள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேவை: சுவருக்கு வண்ணம் அடிப்பது, ஆங்கிலம் சொல்லித் தருவது, பிள்ளைகளோடு விளையாடுவது. மீதி ஐந்து நாள் சாகசம்: காட்டில் நடை, ஆற்றில் படகு, கடைசியில் அங்கோர் வாட். ஆளுக்கு 1,900 யூரோ செலவு. அதில் பாதியை நன்கொடையாகத் திரட்ட வேண்டுமாம். அதற்காக எல்லா உறவினருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள்.

எல்லோரும் வாழ்த்தி, முடிந்ததை அனுப்பினார்கள். நான் மட்டும், "பணம் அனுப்புவதற்கு முன்னால் உன்னிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும்" என்று எழுதினேன். அவ்வளவுதான். "தர்மம் செய்யப் போகிற பிள்ளையைத் தடுக்கலாமா அக்கா?" என்று என் தம்பி கேட்டான். "பெரியம்மா இன்னும் பிரம்பைக் கீழே வைக்கவில்லை" என்று இன்னொருத்தி எழுதினாள். பரவாயில்லை. அந்தப் பெண்ணின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஊர் சுற்ற வேண்டும் என்பதுதான் என் கட்சி. பெண் பிள்ளைகள் கட்டாயம் சுற்ற வேண்டும். வேளாங்கண்ணியைத் தாண்டி எதையும் பார்க்காமல் கல்யாணமாகிப் போன எத்தனை மாணவிகளை எனக்குத் தெரியும்! பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் ஊரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நிறையப் பேர் இந்தோசீனாவுக்கு வேலைக்குப் போனார்கள். என் தாத்தாவின் அண்ணன் சைகோனில் இருந்தவர். பிழைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த ஊர்க்காரர்களைக் காப்பாற்றப் போகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது அந்த ஒரு சொல்தான்.

ஏன் உறுத்துகிறது என்று சொல்கிறேன்.

1980-இல் ஆசிரியர் பயிற்சி படிக்கும்போது எங்களைக் குடிமைப் பயிற்சி முகாமுக்கு அழைத்துப் போனார்கள். திருநள்ளாறு பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பது பெண்கள், கையில் துடைப்பம், தலையில் துண்டு. பாட்டுப் பாடிக்கொண்டே தெருவைக் கூட்டினோம். ஒரே உற்சாகம். ஒரு கிழவி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவரிடம் போய், சுத்தம் ஏன் முக்கியம் என்று விளக்க ஆரம்பித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி தாயி, நாளைக்கு யாரு கூட்டுறது? நான்தானே?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தெருவை அவர் எத்தனை வருடமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறார் என்றுகூட நான் கேட்கவில்லை.

இருபத்துநான்கு வருடம் கழித்து, வாங்கும் இடத்தில் நாமே இருக்க வேண்டியதாயிற்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்களில் பலர் அன்று பிள்ளைகளாக ஓடியவர்கள். காரைக்கால் பகுதியில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட உயிர்கள். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு என்று பெயர் சொன்னாலே இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

உதவி வந்தது. நன்றி மறப்பது நன்றன்று. முதல் நாட்களில் உடல்களை எடுத்து அடக்கம் செய்த பக்கத்து ஊர் இளைஞர்கள், இரவு பகல் பார்க்காத மருத்துவர்கள், வருடக் கணக்கில் தங்கி வேலை பார்த்தவர்கள் இவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் இன்னொன்றும் வந்தது. லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. உழைத்துச் சாப்பிட்ட மீனவக் குடும்பங்கள், யாரோ உடுத்திக் கழித்த துணியைத் தொடவில்லை. சாலை ஓரத்தில் அது மலை மலையாகக் கிடந்து மழையில் நனைந்தது. பிறகு ஃபைபர் படகுகள் வந்தன. சில ஊர்களில் தேவைக்கு மேல் வந்து இறங்கியதால், படகுக்கு ஆள் போதவில்லை. கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கேட்டுக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டு மாணவர் குழு ஒன்று நான் வேலை பார்த்த இடத்துக்கும் வந்தது. எந்தக் குழு, எந்த நாடு என்பது இப்போது வேண்டாம். நல்ல பிள்ளைகள். சுவரில் மீனும் சூரியனும் வரைந்தார்கள். எங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள், பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். பத்தாவது நாள் அழுதுகொண்டே வேன் ஏறினார்கள். போகிற வழியில் இரண்டு நாள் கேரளாவில் படகு வீடு என்று அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அதில் தப்பில்லை, சின்ன வயது.

பிறகு நடந்தது அவர்களுக்குத் தெரியாது. அம்மாவை அலைக்குக் கொடுத்த ஒரு பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு, அந்தக் குழுவில் ஒரு பெண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் என் சேலையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், அந்த அக்கா இன்னைக்கு வருவாங்களா?" என்று கேட்பாள். ஒரு மாதம் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏற்கெனவே ஒருத்தி சொல்லாமல் போய்விட்டாள். இப்போது இரண்டாவது.

இது என் அனுபவம் மட்டும் என்று நினைக்காதீர்கள். என் பேத்தி போகவிருக்கும் கம்போடியாவிலேயே, யுனிசெஃப் துணையோடு அந்த நாட்டு அரசு நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். அவர்கள் அநாதைகள் இல்லை, ஏழைகள். பள்ளிக்கூடமும் மூன்று வேளைச் சோறும் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றவர்களே அனுப்பியிருந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகளும் அவர்கள் பணமும் வர வர, இல்லங்களும் பெருகின. பார்க்க வருகிறவர்கள் இருக்கும்வரை காட்டுவதற்குப் பிள்ளைகள் வேண்டுமல்லவா? அதே ஆண்டு அங்கே ஒரு பிரசாரமே நடந்தது. குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல என்பதுதான் அதன் வாசகம்.

ஆகவே பேத்தியிடம் நான்கு கேள்விகள் கேட்டேன்.

ஒன்று: உங்களை வரச் சொல்லி அங்கிருந்து யார் கேட்டார்கள்?

இரண்டு: சுவருக்கு வண்ணம் அடிக்க அந்த ஊரில் ஆள் இல்லையா? உன் ஒருத்தியின் 1,900 யூரோவில் அங்கே ஒரு தொழிலாளி குடும்பம் எத்தனை மாதம் சாப்பிடும்?

மூன்று: நீ போன மறுநாள் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன?

நான்கு: உன் தம்பி படிக்கும் பள்ளிக்கூடத்துக்குள், மொழி தெரியாத, பயிற்சி இல்லாத பதினைந்து பேர் நுழைந்து, பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துப் போட விடுவார்களா? பிரான்சில் விடமாட்டார்கள் என்றால், கம்போடியாவில் மட்டும் ஏன் சரி?

அப்படியானால் இளம் பிள்ளைகள் தூர தேசம் போய் யாருக்கும் எதுவும் செய்யவே கூடாதா என்று கேட்பீர்கள். அதற்கு விடை நமக்குப் பக்கத்திலேயே, தரங்கம்பாடியில் இருக்கிறது. நான்காம் வகுப்பைச் சுற்றுலா அழைத்துப் போனபோது டேனிஷ் கோட்டையில் உங்களுக்கு ஒரு கதை சொன்னேன். புளிசாதம் ஞாபகம் இருக்கும், கதை மறந்திருக்கும். மறுபடி சொல்கிறேன்.

1706 ஜூலை 9-ஆம் தேதி அங்கே இரண்டு இளைஞர்கள் கப்பலிலிருந்து இறங்கினார்கள். ஜெர்மனியில் ஹாலே நகரில் படித்தவர்கள். டென்மார்க் அரசர் அனுப்பிய மதபோதகர்கள். ஒருவர் சீகன்பால்கு. மறுநாள்தான் அவருக்கு 24 வயது நிறைந்தது. கற்றுக் கொடுக்க வந்தவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார். நம் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் "அ, ஆ" எழுதிப் படித்தார். பல்கலைக்கழகம் பார்த்த மனிதர்!

அவர் வந்த நோக்கம் மதம் பரப்புவது. அதில் எனக்கும் உங்களுக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். அந்த விவாதம் இங்கே வேண்டாம். ஆனால் மணலில் உட்கார்ந்தவருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். நம் ஓலைச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், அவற்றுக்குப் பட்டியல் எழுதினார். தமிழ் இலக்கணம் எழுதினார். தமிழில் அச்சிட்டார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி ஊருக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர்கள் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். வேறு மதத்தை ஒழிக்க அனுப்பினால், நீ அதைப் பற்றியே எழுதுகிறாயே என்று அவர்களுக்குக் கோபம். அந்த நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. மாற்ற வந்தவரை இந்த மண் கொஞ்சம் மாற்றிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். 1719-இல் 36 வயதில் இறந்து, தரங்கம்பாடியிலேயே அடக்கமானார்.

எல்லோரும் பதின்மூன்று வருடம் தங்க முடியாது. பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பதினைந்து நாள்தான் விடுமுறை. ஆனால் பதினைந்து நாளில் கற்றுக்கொள்ள முடியும். பத்துச் சொல் கெமர் மொழி, ஒரு சமையல், ஒரு பாட்டு, அந்த நாட்டின் துயரமான வரலாறு. அது குறைந்த விஷயம் இல்லை. பதினைந்து நாளில் முடியாதது, முன்பின் தெரியாத பிள்ளைக்கு அக்காவாக இருப்பது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1969-இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில், ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து அங்கேயே திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்பதுதான் எண்ணம். ஏழு நாள் முகாம் அதில் ஒரு பகுதி மட்டுமே. எல்லாக் கல்லூரியிலும் அப்படி ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் திரும்பிப் போவதுதான் சேவை என்ற எண்ணம் சரியானது.

இனி பேத்தியிடம் வருகிறேன். முதலில் அவளுக்குக் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, "பெரிய பாட்டி, நான் அந்தக் கேள்விகளை அப்படியே பயண ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்பிவிட்டேன்" என்றாள். இதுவரை ஒன்றுக்குத்தான் பதில் வந்திருக்கிறது. இல்லத்துக்குப் போகும் மாணவர்களுக்கு எந்தச் சரிபார்ப்பும் கிடையாதாம், "இதுவரை பிரச்சினை வந்ததில்லை" என்றார்களாம். அதைப் படித்த பிறகு அவளும் அவள் தோழிகள் மூன்று பேரும், இல்லத்துக்குப் பதிலாக அந்தப் பத்து நாளும் மொழி வகுப்புக்கும் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்குவதற்கும் ஏற்பாடு செய்ய முடியுமா என்று தங்கள் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறார்கள். என்ன முடிவாகும் என்று தெரியவில்லை. மாற்றினால் என் பங்கு நாளைக்கே போகும். மாற்றாவிட்டாலும் போவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. கேள்வி கேட்கத் தெரிந்த பெண்ணை நான் ஏன் தடுக்கப் போகிறேன்?

கடைசியாக ஒன்று சொன்னாள். "பாட்டி, கம்போடியாவில் கெமர் கற்றுக்கொள் என்கிறீர்கள். எனக்குத் தமிழே எழுதத் தெரியாதே." அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த விடுமுறையில் ஒரு மாதம் இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். சேவை எதுவும் செய்ய வேண்டாம். சாயங்காலம் கடற்கரை மணலில் உட்கார்ந்து "அ" எழுதினால் போதும்.

வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் என் மாணவர்களே, இதுபோன்ற நன்கொடைச் செய்தி உங்களுக்கும் வரும். மறுத்துவிடாதீர்கள். அந்த நான்கு கேள்வியையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

தவறாகச் சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை மட்டும் இருக்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
காரைக்கால்