அருச்சுனனுக்கு அங்கே என்ன வேலை?

மாமல்லபுரம் போயிட்டு வர்ற பட்டணத்து நண்பர்கள் அனுப்புற படங்கள்ல பாதி, அந்த வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால தாங்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கும். மீதி ‘அருச்சுனன் தபசு’ முன்னால நின்னு எடுத்தது. படம் எடுத்துக்குங்க, பரவாயில்லை. எனக்குக் கோபம் அந்தப் பேர் மேலதான்.

கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளப் பாறை. நட்டநடுவுல மேலிருந்து கீழ வரைக்கும் இயற்கையாவே ஒரு பிளவு. அதுக்குள்ள நாகராஜனும் நாகினியும் கைகூப்பி இருக்காங்க. பாறைத் தலையில தண்ணி தேக்குற தொட்டி இருந்ததுக்கு அடையாளம் கிடைச்சிருக்கு. தொறந்து விட்டா நாகங்கள் மேல வழிஞ்சு கீழ இறங்கும். வயக்காட்டுல மடை தொறந்தவனுக்கு இதைப் பாத்ததும் புரிஞ்சிடும். பிளவுக்கு இடப்பக்கம், அடியில பாருங்க. ஒருத்தர் தோள்ல குடம் சுமக்கிறார். இன்னொருத்தர் ஈரத்துணியைப் பிழியறார்.

அருச்சுனன் தவம் பண்ணினது பாசுபத ஆயுதத்துக்கு. பகீரதன் தவம் பண்ணினது கங்கைக்கு, அதாவது தண்ணிக்கு. ஒத்தக்கால்ல கை தூக்கி நிக்கிறவர் யாருன்னு அறிஞர்களுக்குள்ள நூறு வருசத்துக்கு மேல வழக்கு நடக்குது. ரெண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கு. ஆனா ஊர் வாயில ஜெயிச்சது ஆயுதம்தான். (யானைக்குக் கீழ ஒரு பூனையும் அதே மாதிரி கை தூக்கித் தவம் பண்ணுது, சுத்தி எலிங்க. தேர்தல் நேரத்துல எங்க ஊர்ப் பக்கம் இதுமாதிரி நிறைய வரும்.)

இதைச் செதுக்க வச்ச பல்லவங்க யாரு? மகேந்திரவாடியில மகேந்திர தடாகம் வெட்டினவங்க. கூரத்துல பரமேசுவர தடாகம் வெட்டி, பாலாத்துல இருந்து கால்வாய் கொண்டுவந்தவங்க. எல்லாம் அதே 7ஆம் நூற்றாண்டுல. ஏரி வெட்டுற ராஜா வம்சம், நடுவுல தண்ணி இறங்குற மாதிரி ஒரு மலையையே செதுக்குது. அதை வில்லுக்காரன் கதையாவே சொல்லிச் சொல்லித் தண்ணியை நாம மறந்தாச்சு. ஏரியைத் தூத்து மனை போட்டு, அதுக்கு ‘லேக் வியூ’ன்னு பேர் வைக்கிற ஆளுங்கதானே நாம!

அடுத்த தடவை போனா அந்தத் துணி பிழியறவர் முன்னால அஞ்சு நிமிசம் நில்லுங்க. அவர் எந்த ஆத்துல குளிச்சிட்டு வர்றார்னு கூட்டிட்டுப் போற வழிகாட்டியைக் கேளுங்க.