அன்னூரின் இரண்டு வீடியோக்கள்

2021 ஆகஸ்ட் மாதம் கோவை மாவட்டம் அன்னூருக்குப் பக்கத்தில் உள்ள ஒட்டர்பாளையம் கிராம நிர்வாக அலுவலகத்தில் எடுக்கப்பட்ட ஒரு வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. பட்டியல் சாதியைச் சேர்ந்த கிராம உதவியாளர் ஒருவர், கவுண்டர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரின் காலில் விழுகிறார். அரசு அலுவலகத்துக்குள், பட்டப்பகலில். பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். பெரியார் பிறந்த ஈரோடு கூப்பிடு தூரத்தில் இருக்க, இங்கே இப்படியா என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் பதிவானது.

சில நாள் கழித்து இன்னொரு வீடியோ வந்தது. அதே அலுவலகம், அதே நாள். காலில் விழுவதற்கு முன்னால் நடந்த காட்சி. அதில் கிராம உதவியாளர்தான் அந்த நபரை அடிக்கிறார். விசாரணை திசை திரும்பியது. நடந்ததை மறைத்ததாகக் கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

இத்தோடு சண்டை ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை, அதற்குப் பிறகுதான் சூடு ஏறியது. சட்டத்தை வைத்து மிரட்டுகிற காலம் வந்துவிட்டது, ஊரில் இனி மானத்தோடு இருக்க முடியாது என்று ஒரு தரப்பு எழுதியது. கைகலப்பு நடந்த அடுத்த நிமிடமே ஓர் அரசு ஊழியர் காலில் விழுகிறார் என்றால் அந்தப் பயம் எத்தனை தலைமுறைப் பயம் என்று மறு தரப்பு கேட்டது. முதல் வீடியோவைப் பகிர்ந்தவர்களில் பலர் இரண்டாவதைப் பகிரவில்லை. இரண்டாவதைப் பகிர்ந்தவர்களுக்கு முதலாவது கண்ணிலேயே படவில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், இரு தரப்புக்கும் ஒரு விஷயத்தில் கருத்து வேற்றுமையே கிடையாது. சமூகம் கெட்டுக் கிடக்கிறது என்பதில் இருவரும் ஒன்று. இவ்வளவு பெரிய ஒற்றுமைக்குப் பிறகும் அடித்துக்கொள்கிறார்கள் என்றால், தகராறு இன்றைய நிலைமையைப் பற்றியது இல்லை. நன்றாக இருந்த காலம் என்று எதை வைத்துக்கொள்வது, அதைக் கெடுத்தவர் யார் என்பதுதான் தகராறு. சீரழிவு என்று ஒருவர் சொன்னால், கேட்கிறவர் காதில் அது குற்றப்பத்திரிகையாக விழுகிறது. தன் பெயர் அதில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்.

கொங்கு நாட்டில் இந்தத் தகராறுக்கு விறகு அதிகம். இங்கே போனதாகச் சொல்லப்படுவதில் முதலிடம் மரியாதைக்கு. 'வாங்க', 'சொல்லுங்க', 'ஏனுங்க' என்று குழந்தையிடம்கூட 'ங்க' போட்டுப் பேசும் ஊர் என்பதில் கோவைக்காரர்களுக்கு உள்ள பெருமை நியாயமானதுதான். ஆனால் அந்த 'ங்க' முன்பு யாருக்கு யாரிடமிருந்து கிடைத்தது? தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்த அருந்ததியர் கிழவர், பண்ணையக்காரர் வீட்டுச் சிறுவனைச் 'சாமி' என்று கூப்பிட வேண்டும். சிறுவன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் ஆராய்ச்சி நூல் எதையும் புரட்ட வேண்டியதில்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் போதும். டீக்கடையில் தனிக் குவளை வைத்த காலமும் அதுவே. ஆகவே ஒருவர் கண் கலங்க நினைத்துப் பார்க்கும் அதே ஊர், அதே வருடங்கள், பக்கத்துத் தெருக்காரருக்குத் தப்பி வந்த இடம். இருவர் ஞாபகமும் பொய் இல்லை. மரியாதை போச்சுங்க என்று ஒருவர் வருத்தமாக எழுதும்போது, போனதே நல்லது என்று இன்னொருவர் பதில் போடுகிறார். அதற்கு மேல் அங்கே பேச்சு எப்படி நடக்கும்?

2015 இன்னும் கடுமையான உதாரணம். அந்த ஆண்டு ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியோடு வந்த தலித் பொறியியல் பட்டதாரி கடத்திக் கொல்லப்பட்டார். முதன்மைக் குற்றவாளி யுவராஜ் மாதக்கணக்கில் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் அனுப்பிக்கொண்டிருந்தார். அவை கைக்குக் கை மாறின. கொலையைச் சீரழிவு என்று பார்த்தவர்கள் ஒரு பக்கம். அந்த இளைஞனும் பெண்ணும் சேர்ந்து கோயிலுக்கு வந்ததைச் சீரழிவு என்று பார்த்தவர்கள் மறு பக்கம். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இது போன்ற இடத்தில் இரு பக்கமும் நியாயம் உண்டு என்று தராசு பிடிப்பது நேர்மை ஆகாது. அதே சமயம், அந்தக் குரல் பதிவுகளைக் கேட்டுப் பிறருக்கு அனுப்பிய எல்லோரும் கொலைக்குத் துணிந்தவர்களும் இல்லை. பெண் கை மீறிப் போய்விடுவாளோ, காடு தோட்டத்தைப் பார்க்க ஆள் இருக்காதோ, பையனுக்குப் பெண் கிடைக்காதோ என்ற கவலைகள்தான் அவர்களில் பலரிடம் இருந்தன. அந்தக் கவலைக்கு அந்தப் பதிவுகள் ஒரு முகத்தைக் காட்டின. கவலை கோபமாக மாறிவிட்டது.

மனிதர்கள் முன்பு மாதிரி இல்லை என்ற எண்ணம் கொங்குக்கு மட்டும் உரியதும் இல்லை. ஆடம் மாஸ்ட்ரோயானி, டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2023-இல் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 60 நாடுகளில், 70 ஆண்டுகளுக்கு மேலாக எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளைத் திரட்டிப் பார்த்தால், எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் மக்கள் ஒழுக்கம் குறைந்துகொண்டே வருவதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்களைச் சுற்றி இன்று இருப்பவர்கள் எப்படி என்று கேட்டால் வந்த பதில் பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே மாதிரி. இன்னொன்றும் அதில் தெரிந்தது. தனக்கு நன்றாகத் தெரிந்த மனிதர்களைப் பற்றிக் கேட்டால் அவர்கள் கெட்டுவிட்டதாகப் பொதுவாகச் சொல்வதில்லை. கெட்டுப்போனவர்கள் எப்போதும் தெரியாதவர்கள்.

இதைக் கொங்குக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் சேர்ந்த கூட்டத்துக்குக் குழு உண்டு. கோயில் பொங்கலுக்கு வரி எவ்வளவு என்ற அறிவிப்பும், யார் வீட்டில் காதுகுத்து என்ற தகவலும், நாடு எப்படிக் கெட்டது என்று பத்து நிமிடம் பேசும் முகம் தெரியாத குரலும் அதிலேதான் வரும். பெங்களூரில் வேலை பார்க்கும் பையனுக்கு அந்தக் குரல் பிடிக்காது. பெரியப்பா அனுப்பியதை மறுத்து எழுத முடியுமா? குழுவை விட்டு வெளியேறினால் அது தனிப் பஞ்சாயத்து. பேசாமல் இருந்துவிடுகிறான். அவன் மௌனம் சம்மதமாக எண்ணப்படுகிறது. அடக்கி வைத்த பதிலை முகநூலில் யாரோ ஒரு வேற்று ஆளிடம் இரண்டு மடங்கு காரத்தோடு கொட்டுகிறான். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் வாதாடுவதில்லை, வாதாடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்ததில்லை என்றாகிவிட்டது.

மீதி வேலையைச் சமூக ஊடக நிறுவனங்கள் பார்த்துக்கொள்கின்றன. 2017-இல் முகநூல் தன் கணக்கில் கோபக் குறி உள்ளிட்ட எமோஜிகளுக்கு ஒரு சாதாரண விருப்பக் குறியைப்போல ஐந்து மடங்கு மதிப்பு வைத்திருந்தது என்பதும், 2020-இல்தான் கோபக் குறியின் மதிப்பைப் பூஜ்யமாக்கியது என்பதும் 2021-இல் வெளியான அதன் உள் ஆவணங்களில் அம்பலமாயின. அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்த வில்லியம் பிராடி குழுவினர், அறமும் உணர்ச்சியும் கலந்து தொனிக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு பதிவின் பரவலைச் சுமார் 20 சதவீதம் கூட்டுவதாக 2017-இல் எழுதினார்கள். அந்தப் பரவலும் பெரும்பாலும் தன் தரப்புக்குள்ளேயே நிகழ்ந்தது. எதிர்த் தரப்பை நோக்கிக் கத்துவதாகத் தோன்றும் பதிவுகள் உண்மையில் சொந்தக்காரர்களின் கைதட்டலுக்காக எழுதப்படுபவை.

கைதட்டலுக்கு எழுதுவது கைகலப்பில் முடியாத வரை பரவாயில்லை. 2023-இல் அது விளிம்பு வரை போனது. ஜனவரியில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அருகே தகராறு. வட மாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர்க்காரர்களை விரட்டுவதாக ஒரு வீடியோ பரவ, நம் ஊர் நம் கையை விட்டுப் போய்விட்டது என்று தமிழில் புலம்பல். மார்ச் தொடக்கத்தில் அப்படியே தலைகீழ்: தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள். அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு தானே வீடியோவில் வந்து மறுத்தார். ஒரு காட்சி திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரண்டு குழுக்களுக்குள் நடந்த சண்டை; இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்று திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து விசாரித்துத் திரும்பியது. வதந்தி பரப்பியதாகப் பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைதானார். அவர்மீது போட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்னர் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் ஹோலிக்குப் போக வேண்டியவர்களும் பயந்து கிளம்பியவர்களும் ரயில் நிலையங்களில் கலந்து நின்றார்கள். சிங்கர் மிஷின்களில் உட்கார ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று முதலாளிகள் தவித்தார்கள். போலீஸார் இந்தியில் பேசித் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு விஷயத்தைப் பாராட்டவே வேண்டும்: அரசின் மறுப்பு உடனுக்குடன், ஆதாரத்தோடு, கேட்க வேண்டியவர்களின் மொழியில் வந்தது. ஒட்டர்பாளையத்தில் முழு உண்மை வெளிவரச் சில நாட்களானது; அந்தச் சில நாட்களில் எல்லோரும் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள்.

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் வேறொன்று நடந்தது. 2019 மார்ச்சில் அந்தக் கொடுமை வெளியானபோது, பெண் பிள்ளைகளுக்கு எதற்குப் போன், எதற்கு முகநூல் என்று தொடங்கியவர்கள் ஏராளம். ஆண் பிள்ளைகளை எப்படி வளர்த்தோம் என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. கலாசாரம் பற்றிய அந்தப் பெரும் வாக்குவாதம் தேர்தல் சூட்டோடு சில வாரங்களில் அடங்கியது. வழக்கு ஆறு ஆண்டுகள் நடந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்றார் அரசு வழக்கறிஞர். பாதிக்கப்பட்ட பெண்கள் அத்தனை வருடம் உறுதியாக நின்றதால் கிடைத்த தீர்ப்பு அது. கலாசாரச் சீரழிவு பற்றி எழுதித் தள்ளியவர்களுக்கு அதில் பங்கு எதுவும் கிடையாது.

அளக்கக்கூடிய சீரழிவுகளும் இதே மண்ணில் நடந்திருக்கின்றன. திருப்பூர்ச் சாயக்கழிவில் நொய்யல் ஆறு செத்தது. பாசனத்துக்கு என்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இதைப் பற்றி இணையத்தில் தெருச்சண்டை நடந்ததாகக் கேள்விப்பட்டது உண்டா? உப்பின் அளவு எவ்வளவு, சுத்திகரிப்புக்கு யார் செலவழிப்பது என்று போகும் பேச்சில் யாருக்கும் மீசை துடிப்பதில்லை. அவிநாசி–அத்திக்கடவுத் திட்டத்துக்காக அறுபது ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட்டில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விடும் திட்டம் தொடங்கப்பட்டது. அந்தக் கோரிக்கைக்காக ஒரே பந்தலில் எல்லாக் கட்சிக் கொடியையும் பார்க்க முடிந்தது.

அளவுகோல் இருந்துவிட்டால் சண்டையே வராது என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது பற்றி ஈரோடு மாவட்டம் சில ஆண்டுகளாகப் பிளந்து நிற்கிறது. சுமார் 200 கிலோமீட்டர் நீளம், இரண்டு லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு, 700 கோடி ரூபாய்க்கு மேல் திட்டச் செலவு. கசிவு நின்றால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்கிறார்கள் ஒரு சாரார். கசிவு நின்றால் கிணறு வற்றும், மரம் காயும் என்கிறார்கள் மற்றவர்கள். உண்ணாவிரதம், மறியல், நீதிமன்றம், அரசாணையை ரத்து செய் என்ற முழக்கம் எல்லாம் ஆயிற்று. வாட்ஸ்அப்பில் வசவுக்கும் குறைவில்லை. ஆனாலும் அங்கே கவுண்டருக்கு எதிரே கவுண்டரேதான் நிற்கிறார். ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை அவர் காடு வாய்க்காலின் எந்த மைலில் இருக்கிறது என்பது முடிவு செய்கிறது. ஆகவே பேச்சு அவ்வப்போது நூறு வசவைத் தாண்டி, எந்த மதகில் எத்தனை கன அடி வருகிறது, எந்த இடத்துக்கு மட்டும் கரையைப் பலப்படுத்தினால் போதும் என்ற கேள்விக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.